பிறப்பு மூச்சுத்திணறல்: பச்சிளங்குழந்தைக்கான ஆபத்துக் காரணிகள்

பிறந்த குழந்தை தானாக மூச்சைத் தொடங்காமலோ, தொடங்கிய மூச்சைத் தொடர முடியாமலோ போவது பிறப்பு மூச்சுத்திணறல் எனப்படும். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு முதல் மூச்சுக்கு ஏதாவது ஓர் உதவி தேவைப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஈரம் போகத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே அழுதுவிடும். நெஞ்சை அழுத்துதல், மருந்து செலுத்துதல் என்று முழு அளவிலான உயிர்மீட்பு தேவைப்படுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவான குழந்தைகளுக்கே. விகிதம் சிறியதுதான். ஆனாலும் உலகம் முழுவதும் 2022-ஆம் ஆண்டில் பிறந்து 28 நாள்களுக்குள் இறந்துபோன சுமார் 23 லட்சம் குழந்தைகளின் மரணக் காரணங்களில், குறைமாதப் பிறப்புக்கும் தொற்றுக்கும் பக்கத்தில் பிரசவ நேர மூச்சுத்திணறலும் முன்வரிசையில் இருக்கிறது.

இதற்கான காரணங்களில் சில, வலி எடுப்பதற்குப் பல மாதங்கள் முன்பே தாயின் உடலில் தெரிந்துவிடும். சில, வலி தொடங்கிய பின் சில நிமிடங்களில் முளைக்கும். எந்த முன்னறிகுறியும் காட்டாமல் வருபவையும் கணிசமானவை. ஆகவே ஆபத்துக் காரணிகளின் பட்டியல், யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லும். யாரைக் கவனிக்காமல் விடலாம் என்பதை அது ஒருபோதும் சொல்லாது. பிரசவ அறையில் வேலை செய்பவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய செய்தி இது.

கருவறை மூச்சும் முதல் மூச்சும்

கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை. நுரையீரலே சுரக்கும் நீர்தான் அதை நிரப்பியிருக்கிறது. ஆக்சிஜன் நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தத்திலிருந்து பிரிந்து, தொப்புள்கொடியின் சிரை வழியே குழந்தைக்கு வருகிறது. கருவின் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பெரியவர்களுடையதைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றும் இயல்புடையது. குறைந்த ஆக்சிஜன் அழுத்தத்திலும் குழந்தை செழிப்பாக வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம். நுரையீரலுக்குள் ரத்தம் அதிகம் போகத் தேவையில்லாததால், இதயத்தின் மேலறைகளுக்கு இடையே உள்ள ஒரு துளையும், நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு குழாயும் பெரும்பகுதி ரத்தத்தைச் சுற்றுவழியில் திருப்பிவிடுகின்றன.

பிரசவ வலி வந்ததும் இந்த ஏற்பாடு மாறத் தொடங்குகிறது. குழந்தையின் உடலில் அட்ரினலின் முதலான ஹார்மோன்கள் பெருகுகின்றன. அவற்றின் தூண்டலால் அதுவரை நீரைச் சுரந்துகொண்டிருந்த நுரையீரல் செல்கள் அதே நீரை உறிஞ்ச ஆரம்பிக்கின்றன. வெளியே வந்து முதல் சில மூச்சுகளை வலுவாக இழுக்கும்போது மிச்ச நீரும் காற்றறைகளைவிட்டு விலகுகிறது. நுரையீரல் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, ரத்தம் அங்கே பாய்கிறது, இதயத்துத் துளை மூடிக்கொள்கிறது. இவ்வளவும் சில நிமிடங்களில் நடக்க வேண்டும். நலமாகப் பிறந்த குழந்தைக்குக்கூட முதல் நிமிடத்தில் ரத்த ஆக்சிஜன் செறிவு 60 முதல் 65 சதவீதம்தான் இருக்கும். 85-க்கு மேல் போகப் பத்து நிமிடம்வரை ஆகலாம். எனவே பிறந்தவுடன் உடல் சற்று நீலம் பாய்ந்திருந்தால் அது மட்டுமே நோயின் அடையாளம் ஆகாது. கை கால் துவண்டு, மூச்சில்லாமல் கிடப்பதுதான் ஆபத்து.

ஆக்சிஜன் குறையும் குழந்தை முதலில் வேகமாக மூச்சுவிட முயலும், பிறகு மூச்சை நிறுத்தும். இந்த முதல்கட்ட நிறுத்தத்தில் தேய்த்துவிட்டால் போதும், மூச்சு திரும்பும். தட்டுப்பாடு நீடித்தால் விட்டுவிட்டு ஏங்கும் சில மூச்சுகளுக்குப் பின் இரண்டாம் கட்ட நிறுத்தம் வரும். அப்போது எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை, வெளியிலிருந்து நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினால்தான் உயிர் மீளும். வெளியே வந்த குழந்தை இவற்றில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் முதல் கட்டம் முழுவதும் கருவறைக்குள்ளேயே கழிந்திருக்கலாம். தேய்த்தும் அழாத குழந்தைக்குக் காத்திருக்காமல் காற்றுக் கொடுக்க வேண்டும் என்ற விதியின் அடிப்படை இதுதான்.

தாயின் உடல்நிலை தரும் எச்சரிக்கைகள்

கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் இந்த வரிசையில் முதலில் நிற்கிறது. அதன் கடுமையான வடிவமான முன்சூல்வலிப்பு நிலையில் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் சரியாக விரிவடைந்திருக்காது. குழந்தை மாதக்கணக்கில் குறைந்த ஆக்சிஜன் கையிருப்புடன் வாழ்ந்து, எடை குறைந்து, பனிக்குட நீரும் குறைந்த நிலையில் வலியை எதிர்கொள்கிறது. நல்ல கையிருப்புள்ள குழந்தை எளிதாகத் தாங்கும் அதே வலியை இந்தக் குழந்தையால் தாங்க முடியாமல் போகலாம். ஸ்கேனில் ‘குழந்தை வளர்ச்சி குறைவு, தண்ணீர் குறைவு’ என்று எழுதியிருந்தால் அந்தப் பிரசவம் அறுவை அரங்கும் குழந்தை மருத்துவரும் இருக்கும் இடத்தில் நடக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

சர்க்கரை நோய் வேறு வழியில் தாக்குகிறது. தாயின் ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை கொடி வழியே போய்க் குழந்தையின் இன்சுலினைக் கூட்டுகிறது. அந்த இன்சுலின் குழந்தையைப் பருக்க வைப்பதுடன் நுரையீரல் முதிர்ச்சியையும் தாமதப்படுத்துகிறது. 37 வாரம் நிறைந்த, பார்வைக்குக் கொழுகொழுவென்ற குழந்தை மூச்சுக்குத் தவிப்பதைக் கண்டு உறவினர்கள் திகைப்பது இதனால்தான். இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டறிய, சாப்பிட்டிருந்தாலும் வெறும் வயிறாக இருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் எளிய சோதனை பரவலாக இருக்கிறது. 140 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை இருப்பதாகக் கொள்வார்கள். இந்த முறையைப் பரப்பியதில் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவுக்குப் பெரும் பங்குண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துவிடக்கூடிய சோதனை இது.

கடும் ரத்தசோகை, இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, தைராய்டு குறைபாடு, புகை பிடித்தல், மிக இளம் வயது அல்லது 35 வயதுக்கு மேற்பட்ட கர்ப்பம், முன்பு குழந்தை இறந்து பிறந்த வரலாறு ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆனாலோ, தாய்க்குக் காய்ச்சல் இருந்தாலோ, தொற்று பனிக்குட நீர் வழியாகக் குழந்தையின் நுரையீரலை எட்டலாம். பிறக்கும்போதே நிமோனியாவுடன் வரும் குழந்தையை வெறும் மூச்சுத்திணறலிலிருந்து முதல் மணி நேரத்தில் பிரித்தறிவது கடினம். அதனால் மருத்துவர்கள் சந்தேகத்தின் பேரிலேயே ஆன்டிபயாடிக் தொடங்குவதுண்டு.

வாரக் கணக்கு

நுரையீரலின் காற்றறைகளுக்குள் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருள் படிந்திருக்கிறது. அது இல்லையென்றால் ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதுபோல ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் காற்றறைச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். அவற்றை மறுபடி மறுபடி பிரித்தே குழந்தை களைத்துப்போகும். சுமார் 24-ஆவது வாரத்தில் இதன் சுரப்பு தொடங்கினாலும், 34, 35 வாரங்களில்தான் போதுமான அளவை எட்டுகிறது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்கோளாறுக்கு இந்தக் குறைபாடே காரணம் என்பதை மேரி எலன் ஏவரி, ஜெரி மீட் ஆகியோர் 1959-இல் காட்டினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1963 ஆகஸ்ட் 7 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்து வாரங்களுக்கும் மேல் முந்திப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். இன்று மாவட்ட மருத்துவமனைகளிலேயே காப்பாற்றப்படும் குழந்தைதான் அவன். அன்று உலகின் மிகச் சிறந்த மருத்துவ வசதி கையில் இருந்தும் இரண்டே நாளில் இறந்தான். காரணம் தெரிந்திருந்தது, மருந்து இல்லை.

பின்னர் கிடைத்த மருந்துகளில் ஒன்று நியூசிலாந்திலிருந்து வந்தது. முந்திப் பிறந்த ஆட்டுக்குட்டிகளுக்கு ஸ்டீராய்டு கிடைத்திருந்தால் அவற்றின் நுரையீரல் எதிர்பார்த்ததைவிட முதிர்ந்திருப்பதைக் கவனித்த கிரகாம் லிக்கின்ஸ், ராஸ் ஹோவியுடன் சேர்ந்து ஆக்லாந்தில் தாய்மார்களிடம் ஆய்வு நடத்தி 1972-இல் முடிவை வெளியிட்டார். குறைமாதத்தில் பிரசவம் ஆகும் என்று தெரிந்தவுடன் தாய்க்குப் போட்ட பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் மூச்சுக்கோளாறையும் மரணத்தையும் குறைத்தது. விலை மலிவான இந்த ஊசி உலகெங்கும் வழக்கமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்தத் தாமதத்தில் போன உயிர்களை நினைத்தே, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இந்த ஆய்வுகளின் வரைபடத்தைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டது.

ஏழாம் மாதத்துக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதத்துக் குழந்தை பிழைக்காது என்று நம்மிடையே ஒரு பேச்சு நெடுங்காலமாக உண்டு. நுரையீரலின் கணக்கு நேர் எதிரானது. கருவறையில் கழியும் ஒவ்வொரு கூடுதல் வாரமும் மூச்சுக்கு வலுச் சேர்க்கிறது. எட்டாம் மாதத்தில் வலி வந்தவரை ‘எப்படியும் தங்காது’ என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதைவிடக் கொடுமையான பிழை வேறில்லை.

இதே வாரக் கணக்கில் இன்னொரு பிழையும் நடக்கிறது, அது வசதியுள்ள வீடுகளில் நடக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியனாக இருந்தன. தனியார் மருத்துவமனைகளில் 64 வரை. தேவையான சிசேரியன் தாயையும் குழந்தையையும் காக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் முன்கூட்டியே நாள் குறிக்கும் சிசேரியன்களில், நல்ல நட்சத்திரம், நல்ல ஹோரை என்று ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் குடும்பத்தார் வந்து நிற்பது நம் ஊரில் அரிதல்ல. அந்த நாள் 37-ஆவது வாரத்திலோ 38-ஆவது வாரத்திலோ விழுந்தால், வலியே வராத தாயின் வயிற்றிலிருந்து, நுரையீரல் நீரை உறிஞ்சச் சொல்லும் ஹார்மோன் பெருக்கம் எட்டாத குழந்தையை வெளியே எடுக்கிறோம். டென்மார்க்கில் நடந்து 2008-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இயல்பாகப் பிறக்க விடப்பட்ட குழந்தைகளோடு ஒப்பிட்டால், முன்திட்டமிட்ட சிசேரியனில் பிறந்தவர்களுக்கு மூச்சுக்கோளாறு 37 வாரத்தில் ஏறத்தாழ நான்கு மடங்கும், 38-இல் மூன்று மடங்கும், 39-இல் இரு மடங்கும் இருந்தது. இவர்களில் பலருக்கு வருவது நீர் வற்றாத நுரையீரலின் தற்காலிக வேகமூச்சு. நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, முனகல், மூக்கு விடைத்தல், இரண்டு மூன்று நாள் கண்ணாடிப் பெட்டி, பிறகு சுகம். ஆனால் எல்லாருக்கும் அது அவ்வளவு எளிதாக முடிவதில்லை, சிலருக்கு நுரையீரல் ரத்த அழுத்தம் இறங்காமல் செயற்கை மூச்சுவரை போகிறது. மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரம் நிறைவதற்கு முன் செய்யக் கூடாது. நல்ல நேரம் பார்க்கும் குடும்பத்தாரிடம் இதை முகத்துக்கு நேரே சொல்வது மருத்துவரின் கடமை.

நாள் தள்ளிப்போவதும் ஆபத்தே. 41, 42 வாரங்களில் நஞ்சுக்கொடி தளர்கிறது, பனிக்குட நீர் குறைகிறது, குழந்தை உள்ளேயே மலம் கழிப்பது கூடுகிறது. நூற்றில் பத்து, பதினைந்து பிரசவங்களில் பனிக்குட நீர் பச்சை படிந்து வரும். அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ இருபதில் ஒன்றுக்கே மலம் நுரையீரலுக்குள் போய் நோய் உண்டாகிறது. இளம்பச்சையாக நீர்த்து வருவதைவிடக் கெட்டியாகக் களிபோல் வருவது கவலைக்குரியது. அது சிறு மூச்சுக்குழல்களை அடைக்கும், சர்ஃபாக்டன்டைச் செயலிழக்கச் செய்யும், நுரையீரலைப் புண்ணாக்கும். முன்பு தலை வெளியே வந்ததுமே வாயையும் மூக்கையும் உறிஞ்சுவது கட்டாயமாக இருந்தது. 2004-இல் வெளியான ஆய்வு அதனால் பயன் இல்லை என்று காட்டியது. துவண்டு பிறந்த குழந்தைக்குத் தொண்டைக்குள் குழாய் விட்டு உறிஞ்சும் வழக்கத்தையும் 2015-இல் சர்வதேச வழிகாட்டுதல்கள் கைவிட்டன. உறிஞ்சிக்கொண்டிருக்கும் நொடிகளில் குழந்தைக்குக் காற்று போவதில்லை என்பதே காரணம்.

வலி எடுத்த பிறகு

கருப்பை சுருங்கும் ஒவ்வொரு முறையும், அதன் சுவருக்குள் ஓடி நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தரும் குழாய்கள் அழுத்தப்படுகின்றன. அந்த முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் குழந்தைக்குப் புதிய ஆக்சிஜன் வரத்து ஏறக்குறைய நிற்கிறது. சுருக்கம் தளர்ந்ததும் ரத்தம் மீண்டும் பாய்ந்து இழப்பை ஈடுகட்டுகிறது. பத்து நிமிடத்தில் மூன்று முதல் ஐந்து வலி என்பது இயல்பு. ஐந்துக்கு மேல் போனால் இடைவெளி குறைகிறது, ஈடுகட்ட நேரம் இல்லாமல் போகிறது. பிரசவ நேர ஆபத்துகளில் பலவற்றை இந்த இடைவெளியின் கணக்காகப் புரிந்துகொள்ளலாம்.

வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் மருந்து இந்தக் கணக்கைக் கலைக்கக்கூடியது. துளித்துளியாக டிரிப்பில் ஏற்றும்போது குழந்தையின் இதயத் துடிப்பு தடுமாறினால் நிறுத்திவிடலாம். ரத்தத்தில் அது சில நிமிடங்களே தங்குவதால் கருப்பையும் தளர்ந்துவிடும். அதையே ‘வலி ஊசி’ என்று தசையில் மொத்தமாகக் குத்திவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. இந்தியாவின் பல பகுதிகளில், முக்கியமாக வட மாநிலக் கிராமங்களில், பிரசவம் சீக்கிரம் ஆகட்டும் என்று தகுதியில்லாதவர்கள் இந்த ஊசியைப் போடும் வழக்கம் பதிவாகியிருக்கிறது. தளராமல் இறுகிய கருப்பைக்குள் குழந்தை மூச்சுக்குத் தவிப்பதும், சில வேளை கருப்பையே கிழிவதும் அதன் விளைவு. வலி வர வைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரைக்கும் அளவு தப்பினால் இதே ஆபத்து உண்டு. மேல்வயிற்றைக் கையால் அழுத்தித் தள்ளி குழந்தையை இறக்க முயல்வதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. பல பிரசவ அறைகளில் அது இன்னும் நடக்கிறது.

நீண்ட வலியும், இடுப்பெலும்புக்குள் தலை சிக்கிக்கொள்ளும் தடைப்பட்ட பிரசவமும் குழந்தையின் கையிருப்பை மெல்ல மெல்லக் கரைக்கின்றன. மற்ற சில, நிமிடங்களில் முடிவைத் தீர்மானிப்பவை. நஞ்சுக்கொடி முன்கூட்டியே கழன்றுகொள்வது, பழைய சிசேரியன் தழும்பு பிரிவது, தலைக்கு முன்னால் தொப்புள்கொடி நழுவி இறங்குவது ஆகியவை இதில் அடங்கும். கொடி நழுவும் வாய்ப்பு, தலை இன்னும் மேலேயே இருக்கும்போது பனிக்குடம் உடைந்தால், அல்லது குழந்தை குறுக்காகவோ கால் முன்னாகவோ இருந்தால் அதிகம். அதனால்தான் தண்ணீர் உடைந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பது. கொடி வெளியே தெரிந்தால், சிசேரியன் நடக்கும்வரை செவிலியர் கையை உள்ளேயே வைத்துக் குழந்தையின் தலையை மேல்நோக்கித் தாங்கிப் பிடித்திருப்பார். அறுவை அரங்குக்குத் தள்ளிச் செல்லும் வண்டியிலும் அந்தக் கை விலகாது. பல குழந்தைகள் அந்தக் கையால் பிழைத்திருக்கிறார்கள்.

தலை பிறந்து தோள் சிக்குவது மற்றொன்று. தாய்க்குச் சர்க்கரை, குழந்தைக்கு மிகுந்த எடை ஆகியவை இதற்கான காரணிகள் என்றாலும், ஏறத்தாழ பாதி நிகழ்வுகள் நான்கு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளிடமே நேர்கின்றன. இரட்டையரில் இரண்டாவது குழந்தைக்கும், கால் அல்லது பின்புறம் முன்னாக வரும் குழந்தைக்கும் ஆபத்து கூடுதல்.

தாய்க்குக் கொடுக்கும் மருந்துகளும் கணக்கில் வரும். வலி தணிக்கப் போடும் பெத்திடின் ஊசி கொடி வழியே குழந்தையை எட்டி, பிறக்கும் நேரத்தில் அதன் மூச்சு உந்துதலை மழுக்கக்கூடும். பிரசவத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு போட்டிருந்தால் இந்த விளைவு மிகுதி. முழு மயக்க மருந்தும், முதுகில் ஊசி போட்டபின் தாயின் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதும் அப்படியே. மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை பெருஞ்சிரையை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்பதால்தான் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார்கள்.

கொடி சுற்றிப் பிறப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கழுத்தில் கொடி சுற்றியிருப்பது நான்கில் ஒரு பிரசவத்தில் பார்க்கக்கூடியது. பெரும்பாலும் தீங்கற்றது, தளர்வாக இருந்தால் தலைவழியே எடுத்துவிடலாம். கருவில் குழந்தை கழுத்தால் மூச்சு விடுவதில்லை, ஆகவே கழுத்து நெரிபடுவது என்ற பயத்துக்கு இடமில்லை. கொடி இறுகி அதற்குள் ஓடும் ரத்தம் தடைபட்டால்தான் சிக்கல். ‘மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது’ என்ற பேச்சால் பிறந்த அன்றே குழந்தையின் மேலும் தாயின் மேலும் ஒரு பழி விழுகிறது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஸ்கேனில் கொடி சுற்றியிருப்பது தெரிந்தது என்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகவும் ஆகாது.

‘ஒழுங்காக முக்கவில்லை, அதனால்தான் குழந்தைக்கு இப்படி ஆனது’ என்று தாயைக் குற்றம் சொல்வதும் பிரசவ அறை வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு. மேலே சொன்ன காரணிகளில் தாயின் மன உறுதியைச் சார்ந்தது ஒன்றுகூட இல்லை.

பிறவிக் கோளாறுகள் ஒரு சிறு பகுதி. உதரவிதானத்தில் ஓட்டை, மூக்கின் பின்வழி அடைப்பு, மிகச் சிறிய தாடை, நரம்புத்தசை நோய்கள் முதலியன. கருவின் ஸ்கேனில் இவற்றில் சில முன்பே தெரியும்; தெரிந்தால் பிரசவ இடத்தைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

கண்காணிப்பு

குழந்தையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். வலி தளர்ந்த பின்னும் துடிப்பு மீளாமல் தாழ்ந்தே இருந்தால் அது ஆக்சிஜன் தட்டுப்பாட்டின் அடையாளம். அதனால் துடிப்பை வலியின்போதும், வலி முடிந்தவுடன் ஒரு நிமிடமும் சேர்த்துக் கேட்பது முக்கியம். தொடர்ந்து வரைபடம் எடுக்கும் சி.டி.ஜி. கருவி பெரிய மருத்துவமனைகளில் எங்கும் இருக்கிறது. அது பிறந்த குழந்தைகளின் வலிப்பைக் குறைக்கிறது. ஆனால் மூளை முடக்குவாதத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை, சிசேரியனைக் கூட்டுகிறது. ஆபத்து குறைந்த தாய்க்கு, பொறுப்பான செவிலியர் ஒழுங்காகக் காதால் கேட்பதே போதும். அந்த ஒழுங்கைப் பிடிப்பதுதான் கடினம், பத்துப் பேர் வலியில் இருக்கும் அறையில் ஒரே செவிலியர் என்றால் அரை மணிக்கு ஒருமுறை என்ற விதி ஏட்டோடு நின்றுவிடும்.

வலியின் முன்னேற்றத்தை ஒரே தாளில் கோடாக வரையும் பார்ட்டோகிராஃப் இதற்குத் துணை. 1954-இல் இமானுவேல் ஃபிரீட்மன் கருப்பை வாய் திறப்பதை வரைபடமாக்கினார். பின்னர் அன்றைய ரொடீசியாவில் ஃபில்பாட், கேசில் இருவரும் 1972-இல் அதில் எச்சரிக்கைக் கோட்டையும் நடவடிக்கைக் கோட்டையும் சேர்த்தார்கள். தொலைதூரக் கிளினிக்கில் தனியாக இருக்கும் தாதி, எந்தத் தாயை எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று கோட்டைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் இதைப் புதுப்பித்து வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டியில் எல்லாத் தாய்க்கும் ஒரே வேகத்தில் கருப்பை வாய் திறக்க வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பு கைவிடப்பட்டது.

முதல் நிமிடம்

எல்லாக் காரணிகளையும் எண்ணிப் பார்த்தாலும், எந்த ஆபத்தும் பதிவாகாத தாய்க்கு அழாத குழந்தை பிறப்பது நடந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு பிரசவத்துக்கும் குழந்தைக்கென்றே, கையால் பிதுக்கி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையைக் கையாளத் தெரிந்த ஒருவர் தயாராக நிற்க வேண்டும். குழந்தையைக் கிடத்தும் வார்மரை முன்பே சூடாக்கி வைக்க வேண்டும். இரண்டு உலர்ந்த துணி வேண்டும், ஒன்று துடைக்க, ஒன்று போர்த்த. குளிர்ந்த குழந்தைக்கு ஆக்சிஜன் செலவு கூடும். பையின் வாயை உள்ளங்கையில் அழுத்தி ஒருமுறை பிதுக்கிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். முகமூடி தாடையிலிருந்து மூக்கின் மேடுவரை மூடவேண்டும், கண்ணில் படக் கூடாது. தலை மிகவும் மடங்காமலும் மிகவும் பின்னால் சாயாமலும், தோளுக்கடியில் மடித்த துணி வைத்து நேராக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை பிதுக்கும்போது நெஞ்சு லேசாக உயர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். உயரவில்லை என்றால் பையை இன்னும் பலமாகப் பிதுக்குவதற்கு முன் முகமூடியையும் தலையின் நிலையையும் சரிசெய்ய வேண்டும். இதயத் துடிப்பு ஏறுவதுதான் காற்று உள்ளே போகிறது என்பதற்கு முதல் சான்று.

இதை முதல் நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். இந்தியாவில் 2009-இல் தொடங்கிய நவஜாத் சிசு சுரக்‌ஷா திட்டம் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுக்கிறது. நிறைமாதக் குழந்தைக்குத் தொடக்கத்தில் சாதாரண அறைக் காற்றே போதும். சுத்த ஆக்சிஜனைவிட அது நல்லது என்பதற்கான தொடக்கச் சான்றுகளில் டெல்லியில் சித்தார்த் ராம்ஜி குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வும் ஒன்று. சிலிண்டர் இல்லாத துணை சுகாதார நிலையத்திலும் ஒரு பையும் முகமூடியும் இருந்தால் உயிர் காக்கலாம் என்ற துணிச்சலை அது தந்தது. தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைவது, குளிர்ந்த நீரைத் தெளிப்பது, காதில் ஊதுவது ஆகியவை குழந்தையைக் காயப்படுத்தும் அல்லது நொடிகளை வீணாக்கும்.

மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா ஆப்கர் 1952-இல் முன்வைத்து அடுத்த ஆண்டு வெளியிட்ட மதிப்பெண் முறை இன்றும் கேஸ் ஷீட்டில் இருக்கிறது. நிறம், துடிப்பு, தூண்டலுக்கு எதிர்வினை, தசை முறுக்கு, மூச்சு ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண். முதல் நிமிடத்தில் பெற்ற குறைந்த மதிப்பெண்ணைக் கண்டு பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை. ஐந்தாம், பத்தாம் நிமிடங்களில் அது எவ்வளவு ஏறியது என்பதே பொருளுள்ளது. உயிர்மீட்பைத் தொடங்க இந்த மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கவும் கூடாது.

பின்விளைவுகள்

மூச்சுத் தடை நீண்டால் முதலில் அடிபடுவது மூளை. சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவையும் பாதிக்கப்படலாம். மூளைப் பாதிப்பின் கடுமையை 1976-இல் சார்னட் தம்பதியர் வகுத்த மூன்று நிலைகளால் மதிப்பிடுகிறார்கள். முதல் நிலைக் குழந்தைகள் பெரும்பாலும் முழுமையாகத் தேறுவார்கள். மூன்றாம் நிலையில் மரணமோ கடும் குறைபாடோ நேரும் வாய்ப்பு மிக அதிகம்.

ஆனால் மூளை முடக்குவாதம் எல்லாவற்றையும் பிரசவத்தின் தலையில் ஏற்றக் கூடாது. லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில் 1861-இல் கடினமான பிரசவத்தையும் மூச்சுத் தடையையும் பிற்கால முடக்கத்தோடு இணைத்தார். 1897-இல் சிக்மண்ட் ஃபிராய்டு, கருவிலேயே தொடங்கிய பாதிப்புதான் பிரசவத்தையும் கடினமாக்கியிருக்கலாம் என்று மறுத்தார். பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் ஃபிராய்டின் பக்கமே சாய்ந்தன. மூளை முடக்குவாதக் குழந்தைகளில் பிரசவ நேர மூச்சுத் தடையால் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் சிறுபான்மையினரே.

செல்வந்த நாடுகளில், நடுத்தரமான அல்லது கடுமையான மூளைப் பாதிப்புள்ள நிறைமாதக் குழந்தையை ஆறு மணி நேரத்துக்குள் 33 முதல் 34 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைப்பது நடைமுறைச் சிகிச்சை. அதே சிகிச்சையை இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்த ஹெலிக்ஸ் ஆய்வு 2021-இல் வெளியானபோது முடிவு வேறாக இருந்தது. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் இறந்தார்கள், குளிர்விக்கப்படாதவர்களில் 31. இங்குள்ள குழந்தைகளில் பலருக்கு மூளைப் பாதிப்பு பிரசவ அறைக்கு வருவதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று. அப்படியானால் தீர்வின் பெரும்பகுதி தாயின் ரத்தசோகையிலும் ரத்த அழுத்தத்திலும் வலி ஊசியிலும் கண்காணிப்பிலும் இருக்கிறது, பிறந்தபின் கொடுக்கும் சிகிச்சையில் குறைவாகவே இருக்கிறது.

மூச்சுத் தடைக்கு ஆளாகித் தேறி வீட்டுக்குப் போன குழந்தைக்கு, செவித்திறன் சோதனையும், முதல் இரண்டு ஆண்டுகளில் வளர்ச்சிப் படிகளைப் பார்க்கும் தொடர் பரிசோதனையும் தேவை. கழுத்து நிற்பது, உட்காருவது, கையால் பற்றுவது ஆகியவற்றில் தாமதம் தெரிந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பிசியோதெரபியைச் சீக்கிரம் தொடங்கலாம். மருத்துவமனையிலிருந்து வெளியே வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் ஆப்கர் மதிப்பெண்ணும், எத்தனை நிமிடம் ஆம்பு பை தேவைப்பட்டது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்து பார்க்கும் மருத்துவர் தேடும் முதல் தகவல் அதுவே.